மறைந்துபோன நீராவி எஞ்சினைப் புதிதாகக் கட்டுவது: வரைபடத்தில் இல்லாத பாதி

1902 மார்ச்சில் காங்கேசன்துறை–சாவகச்சேரித் துண்டு திறக்கப்பட்டு, 1905 ஓகஸ்டில் கொழும்புடன் இணைந்த வடக்குப் பாதையின் தொடக்க கால எஞ்சின் ஒன்றை, அதாவது இன்று ஒன்றுகூட மிஞ்சாத ஒரு வகுப்பை, பழைய வரைபடத்தை வைத்துப் புதிதாகக் கட்ட முடியுமா? யாழ்ப்பாணத்து லேத் பட்டறைகளில் அதில் எவ்வளவு செய்யலாம்? இதுதான் கேள்வி.

முடியும். பிரித்தானியாவில் ஏ1 வகுப்பில் 49 எஞ்சின்கள் கட்டப்பட்டு, 1966க்குள் அத்தனையும் பழைய இரும்பாகப் போய்விட்டன. 1990இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை ஐம்பதாவதைக் கட்டி 2008இல் ஓடவிட்டது. அதன் பெயர் டொர்னாடோ. ஏறத்தாழ 30 லட்சம் பவுண், 18 ஆண்டு. வேல்ஸில் பொஸ்டன் லொட்ஜ் பட்டறையில் 2010இல் முடிந்த லிட் என்ற சிறிய எஞ்சின், 1936இல் பிரேசிலுக்குக் கப்பலேறி அதன்பின் தடயமே இல்லாமல் போன லியூ என்ற எஞ்சினின் வடிவத்தில் கட்டப்பட்டது. அமெரிக்காவில் ஜூப்பிற்றர், 119 என்ற இரண்டுக்கும் வரைபடமே கிடைக்கவில்லை. பெரும்பாலும் புகைப்படங்களைப் பார்த்தே புதிதாக வரைந்து 1979இல் முடித்தார்கள்.

நமக்குக் கிட்ட, திருச்சி பொன்மலைப் பட்டறை நீலகிரி மலைப்பாதைக்கு எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைப் புதிதாகச் செய்திருக்கிறது. அது வேறு சங்கதி. அங்கே பழைய எஞ்சின் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் கழற்றி அளக்கலாம். திருத்திப் பழகிய கைகளும் அங்கேயே இருந்தன. உங்கள் கேள்வியில் உள்ள எஞ்சினுக்கு இவை எதுவுமே இல்லை. ‘வரைபடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது’ என்று இதில் இறங்குபவர்கள் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அந்தக் காலத்து வரைபடம் பட்டறைக்குள் இருந்தவனுக்காக வரையப்பட்டது. அவனுக்குத் தெரிந்ததை அதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதைத் திரும்பக் கண்டுபிடிப்பதில்தான் பணமும் ஆண்டுகளும் போகின்றன.

முதலில் எந்த எஞ்சின் என்று தீர்மானியுங்கள். இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், 1676 மி.மீ. யாழ்ப்பாணத்திலிருந்து கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழியே காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 20 கி.மீ., சமதரை. இந்தத் தூரத்துக்கு ஐந்தாறு பெட்டி இழுக்கத் தெண்டர், அதாவது தண்ணீரும் எரிபொருளும் சுமக்கும் பின்வண்டி, வைத்த பெரிய எஞ்சின் வேண்டாம். தண்ணீரையும் எரிபொருளையும் தன் முதுகிலேயே சுமக்கும் தாங்கி எஞ்சின் போதும். அது முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும், திருப்புமேசை தேட வேண்டியதில்லை. அடுத்தது, சிலிண்டர் இரண்டும் வெளியே இருக்கும் வகையாகப் பாருங்கள். சிலிண்டர் சட்டகத்துக்கு உள்ளே இருந்தால் நடுவில் வளைந்த அச்சு, அதாவது கிராங்க் அச்சு வேண்டும். எஞ்சினிலேயே மிகச் சிக்கலான உருக்கு வேலை அதுதான். பிரித்தானியாவில் 1934–36இல் கட்டிய பி2 வகுப்பின் ஆறு எஞ்சின்களுக்கும் கிராங்க் அச்சு தீராத தலைவலியாக இருந்தது. 1943–44இல் அவற்றை வேறு வகையாக மாற்றிவிட்டார்கள். இப்போது அந்த வகுப்பில் புதிதாக ஒன்று கட்டுகிறவர்கள் அந்த அச்சைக் கணினியில் ஆராய்ந்து வேறு வடிவில் வரைய வேண்டியிருந்தது. மறைந்துபோன வடிவமைப்புகளில் சில, மறைய வேண்டியவை என்பதற்காகவே மறைந்தவை. எந்த வகுப்பை எடுத்தாலும், அதில் என்ன உடைந்தது என்று அந்தக் காலத்துத் திருத்தப் பதிவுகளில் முதலில் தேடுங்கள்.

வரைபடத்தைத் தேடும்போது வகுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. கட்டுநரின் பெயர், கட்டளை எண், கட்டிய ஆண்டு, எஞ்சினின் பட்டறை எண் ஆகியவற்றோடு போக வேண்டும், ஏனென்றால் கட்டுநர்கள் தாள்களை அடுக்கியது அப்படித்தான். பேயர் பீகொக் கொம்பனியின் ஆவணங்கள் மன்செஸ்டர் அறிவியல் கைத்தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேறு பல கட்டுநர்களுடையவை யோர்க் தேசிய புகையிரத அருங்காட்சியகத்தில் உள்ளன. டொர்னாடோவுக்கு அங்கிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தாள்கள் கிடைத்தன. உங்களுக்கு நூறு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துத் தொடங்குங்கள்.

கிடைத்த தாளை அளவுகோல் வைத்து ஒருபோதும் அளக்காதீர்கள். வரைதுணியில் எடுத்த பிரதி ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும், நீளப்பாட்டுக்கும் குறுக்குப்பாட்டுக்கும் வேறு வேறு அளவில். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். எண் இல்லாத இடத்தில் பக்கத்திலுள்ள எண்களைக் கூட்டிக் கழித்து எடுக்க வேண்டும். கூட்டினால் சரிவராத இடங்களும் வரும். அங்கே பட்டறையில் யாரோ பென்சிலால் திருத்தியிருப்பான், அந்தத் திருத்தம் உங்கள் பிரதியில் வந்திருக்காது.

புகைப்படத்திலிருந்து எடுப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. சக்கரத்தின் விட்டம் 5 அடி, அதாவது 1524 மி.மீ. என்று தெரியும், படத்தில் அது 96 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். படத்தில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் ஏறத்தாழ 16 மி.மீ. அரை மில்லிமீற்றர் பிழையாக அளந்தாலே 8 மி.மீ. போய்விடும். புகைபோக்கியின் வளைவு, தாங்கியின் விளிம்பு, ஓட்டுநர் கூட்டின் சன்னல் ஆகியவற்றுக்கு அது பரவாயில்லை. துளை எங்கே வருகிறது என்பதற்கு அது உதவாது. அதோடு சக்கரமும் தாங்கியும் ஒரே தளத்தில் இல்லை. கமராவுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும், அந்த விகிதத்தையும் திருத்த வேண்டும்.

மூன்றாவது வழி, மிஞ்சியிருக்கும் உறவுக்காரர். உங்கள் வகுப்பு அழிந்திருக்கலாம். ஆனால் பபர், கொக்கி, பொயிலருக்குத் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர், தண்ணீர்க் கண்ணாடி, வெற்றிட பிறேக்கின் உருளை போன்றவற்றை ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாக யாரும் வடிவமைக்கவில்லை. தெமட்டகொடைக் கொட்டகையில் நிற்கும் பி1 வகுப்பு எஞ்சின்களையும், கடுகண்ணாவை அருங்காட்சியகத்தில் இருப்பவற்றையும் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதியோடு ஒரு கிழமை இருந்து அளந்தால், சில்லறைப் பாகங்களில் கணிசமானவற்றுக்கு விடை வந்துவிடும். இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனாலும் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

இனி வரைபடத்தில் இல்லாதவற்றுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டுத் தாளில் ‘அச்சுப்பெட்டி 8 அங்குலம்’ என்றிருக்கும். சக்கர அச்சு உள்ளே சுழலும் கூடு அது. அச்சுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று இருக்காது. அதைப் பொருத்துபவன் தன் கையால் உரசி உரசி முடிப்பான். இன்றைக்குக் கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்குக் கொடுக்கும் வரைபடத்தில் ஒவ்வொரு அளவுக்கும் கூடுதல் குறைவு எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் பட்டறைக்காரர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். மூலைகளின் வளைவு ஆரமும் அப்படித்தான். கூரான உள்மூலை, திரும்பத் திரும்ப விசை பட்டு வரும் களைப்பு வெடிப்புக்கு வாசல். பழைய கம்மியன் சொல்லாமலே அதை வளைத்துவிடுவான். கணினியில் அப்படியே பிரதி எடுத்தால் கூராகவே வெட்டப்பட்டு வரும்.

பொருளும் மாறிவிட்டது. தாளில் ‘சிறந்த யோர்க்ஷயர் இரும்பு’ என்றிருந்தால் அது நாரிரும்பு. இன்று யாரும் அதை வணிக அளவில் செய்வதில்லை. அந்த இடத்தில் மென்னுருக்கு போடலாம். ஆனால் நாரிரும்பு உடையுமுன் நீண்டு, கிழிந்து எச்சரிக்கும், உருக்கில் களைப்பு வெடிப்பு சத்தமில்லாமல் வளரும். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் விசையைத் திரும்பக் கணக்கிட்டு, தகுந்த தர எண்ணை எழுதுங்கள். பொயிலர் தகட்டுக்கு பி265ஜிஎச் போன்ற அழுத்தக்கலத் தரம். அச்சுக்கும், சக்கரத்தைச் சுற்றி ஏற்றும் உருக்கு வளையமான ரயருக்கும் புகையிரதத் தரம்.

வார்ப்புக்கு அச்சுமரம் செய்வதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பலம் உண்டு. தேர் செய்யும் ஆசாரிமார் இருக்கும் ஊரில் சக்கரத்துக்கு மர அச்சுச் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது மூன்றே விசயம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும்: வார்ப்பிரும்பு மீற்றருக்கு ஏறத்தாழ 10 மி.மீ., வெண்கலம் 15, உருக்கு 20. அந்த அளவுக்கு அச்சு பெரிதாக இருக்க வேண்டும். மணலிலிருந்து கிழிக்காமல் எடுக்கப் பக்கங்கள் சற்றுச் சரிய வேண்டும். கடைய வேண்டிய முகங்களுக்கு 5 மி.மீ., பெரிய வார்ப்பானால் 10 மி.மீ. வரை மேலதிகம் வேண்டும். நன்றாகக் காய்ந்த தேக்கு அல்லது மகோகனி எடுங்கள். பச்சை மரத்தில் செய்த அச்சு கார்த்திகை மழையில் ஒரு வடிவம், சித்திரை வெயிலில் ஒரு வடிவம். ஒரே ஒரு பிரதி மட்டும் தேவையான பாகத்துக்கு மரமே வேண்டாம், அடர்ந்த ரெஜிபோமைக் கணினி இயந்திரத்தில் கடைந்து எடுத்தால் போதும்.

வெண்கலத்தில் ஒரு எச்சரிக்கை. கோயில் மணி வார்ப்பவரிடம் அச்சுப்பெட்டிப் படுக்கையைக் கொடுத்தால் அவர் அழகாக வார்த்துத் தருவார். ஆனால் மணி உலோகத்தில் வெள்ளீயம் நூற்றுக்கு 20க்கு மேல். இனிமையாக ஒலிக்கும், அடிபட்டால் நொறுங்கும். படுக்கைக்கு வேண்டியது 10 வீத அளவில் வெள்ளீயம் உள்ள கன்மெற்றல். கலவையை எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு உருக்கலிலும் ஒரு சிறு துண்டு பரிசோதனைக்கு எடுத்து வையுங்கள்.

சிலிண்டரை இங்கே வார்க்க நினைக்க வேண்டாம். உள்ளே நீராவி போகும் வழிகளெல்லாம், வார்க்குமுன் அச்சுக்குள் வைக்கும் மணல் கருக்களால் உருவாகின்றன. ஒரு கரு 6 மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது. கடைந்து முடித்த பிறகு நீரழுத்தம் கொடுக்கும்போதுதான் வியர்க்கும். வார்ப்பு வந்தவுடனே, ஒரு சதம் கடைசல் கூலி கொடுக்குமுன், மீயொலிக் கருவியால் சுவர்த் தடிப்பை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டகத் தகடு 28 மி.மீ. அளவில் வரும். இரண்டு தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிணைத்து ஒரே தடவையில் துளையிட்டால் பிழை இருந்தாலும் இரண்டிலும் ஒரே பிழை. வாயுவால் வெட்டிய விளிம்பில் கடினப்பட்ட தோலை இரண்டு மூன்று மி.மீ. எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அச்சுப்பெட்டி அமரும் வாயின் மூலையில் வெடிப்பு தொடங்கும்.

சக்கரத்தில் சரியாகச் செய்ய வேண்டிய அளவு ஒன்றிரண்டுதான், ஆனால் அவற்றில் தப்ப முடியாது. ரயரைச் சூடாக்கிச் சக்கரத்தில் ஏற்றுவதை எடுங்கள். சக்கர விளிம்பின் விட்டம் 1384 மி.மீ. என்றால் ரயரின் உள்விட்டம் அதைவிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு, 1.4 மி.மீ. குறைவாகக் கடைய வேண்டும். உருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு மீற்றருக்கு 0.012 மி.மீ. விரியும். அந்த 1.4ஐ ஈடுசெய்யவே 85 பாகை உயர வேண்டும். உள்ளே இறக்க இன்னொரு ஒன்றரை மி.மீ. இடைவெளி வேண்டும். ஆக 175 பாகை உயர்வு குறைந்தபட்சம். கையாளும்போது ஆறும் என்பதால் 250 பாகைக்குச் சூடாக்குவது வழக்கம். ஒரே பக்கம் சூடாக்கினால் ரயர் முட்டை வடிவாகிப் பாதியில் பிடித்துக்கொள்ளும். சுற்றிவர வாயுக்குழாய் வளையம் வைத்துச் சமமாகச் சூடாக்குங்கள். இறுக்கம் கூடினால் ரயர் வெடிக்கும், குறைந்தால் பிறேக் சூட்டில் தளர்ந்து சுற்றும்.

அச்சைச் சக்கரத்தில் அழுத்தி ஏற்ற, அச்சின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் 10 தொன் அளவில் அழுத்தம் வேண்டும். 8 அங்குல அச்சுக்கு 80 தொன். ஏறும்போது அழுத்தம் சீராக உயர்வதைப் பதிவு செய்ய வேண்டும். இடையில் திடீரென்று விழுந்தால் உள்ளே உரசிக் கிழித்துவிட்டது என்று பொருள், கழற்ற வேண்டியதுதான். சக்கரங்களில் இணைப்புத் தடி மாட்டும் கிராங்க் ஊசிகள் இடமும் வலமும் 90 பாகை விலகி இருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா அச்சிலும் 90க்குப் பதில் ஒரே மாதிரி 89.8 இருந்தால் எஞ்சின் குறையில்லாமல் ஓடும். ஒன்று 90, அடுத்தது 89.8 என்றிருந்தால் இணைப்புத் தடி ஒவ்வொரு சுற்றிலும் மல்லுக்கட்டி, அதன் துளையிலுள்ள புஷ் என்ற வளையம் கருகும். இந்த வேலைக்குரிய பெரிய அழுத்தியும் சக்கர லேத்தும் புகையிரதப் பட்டறையில்தான் கிடைக்கும். இரத்மலானையில் நேரம் கேட்டு வாங்குவதைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

இனி பொயிலர். மிகப் பெரிய ஒற்றைச் செலவு இதுதான். டொர்னாடோக்காரர்கள் இதற்காகவே கடன்பத்திரம் வெளியிட்டு, ஜேர்மனியின் மைனிங்கன் பட்டறையில் செய்வித்தார்கள். பல திட்டங்கள் சட்டகத்தைச் சக்கரத்தில் நிறுத்திப் படம் எடுத்த பிறகு ஆண்டுக்கணக்காக அப்படியே நிற்பதும் இதனால்தான். சட்டகம் கண்ணுக்குத் தெரியும், சனம் காசு தரும். பொயிலர் தகட்டின் பரிசோதனைச் சான்றிதழுக்கு யாரும் காசு தர மாட்டார்கள். சேரும் பணத்தில் ஒரு பங்கை முதல் நாளிலிருந்தே பொயிலர்க் கணக்கில் தனியே போடுங்கள்.

அழுத்தத்தின் பருமனை உணர ஒரு கணக்கு. சதுர அங்குலத்துக்கு 180 இறாத்தல் என்பது 12.4 பார். நெருப்புப் பெட்டியின் கூரை ஒன்றரை மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம் என்றால், அதன்மேல் அமர்வது ஏறத்தாழ 190 தொன். அந்தக் கூரையும் சுவர்களும் தட்டையானவை, தாமாக நிற்க முடியாதவை. அதனால் உள் பெட்டியையும் வெளித் தகட்டையும் 100 மி.மீ.க்கு ஒன்றாக ஊன்றுத் தண்டுகள் பிணைக்கின்றன. ஒவ்வொன்றும் தாங்குவது ஒன்றேகால் தொன். இப்படிப் பல நூறு தண்டுகள்.

இந்தத் தண்டுகளை உடைப்பது பெரும்பாலும் அழுத்தமல்ல, வளைவு. நெருப்புப் பக்கத் தகடு வெளித் தகட்டைவிடச் சூடாகி அதிகம் விரிகிறது. ஒவ்வொரு முறை நெருப்பு மூட்டும்போதும் தண்டின் ஒரு முனை மேலே தள்ளப்படுகிறது, ஆறும்போது திரும்புகிறது. சில ஆயிரம் தடவை வளைந்ததும் வெளித் தகட்டின் அருகே வெட்டினாற்போல உடையும். மேல் வரிசைகளிலும் மூலைகளிலும்தான் இது முதலில் வரும். அதனால் தண்டின் வெளிமுனையிலிருந்து நடுவில் 5 மி.மீ. துளை ஒன்று உள்ளே போகும். தண்டு உடைந்தால் அந்தத் துளையால் நீராவி சீறும், இன்னது உடைந்தது என்று சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடலாம். பெயின்ற் அடிக்கும்போது இந்தத் துளைகளை அடைத்துவிடுவது புதியவர்கள் வழமையாகச் செய்யும் தவறு. அதிகம் வளையும் இடங்களில், முனை பந்துபோல் அசைந்து கொடுக்கும் பந்துமுனைத் தண்டு போடுங்கள், பழைய வரைபடத்தில் இல்லாவிட்டாலும்.

செம்புப் பெட்டியா உருக்குப் பெட்டியா? செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும், சமமற்ற விரிவை மன்னிக்கும். விலையை மட்டும் கேட்காதீர்கள். உருக்கு மலிவு, வெல்டிங் செய்யலாம், ஆனால் கோபக்காரப் பொருள். குளிர்ந்த பொயிலரில் இரண்டு மணி நேரத்தில் நீராவி எழுப்பினால், அல்லது ஓட்டம் முடிந்து நெருப்பைத் தட்டிவிட்டு உள்ளே குளிர்காற்று இழுக்க விட்டால், வெடிப்புத் தொடங்கும். டொர்னாடோவின் உருக்குப் பெட்டி கொண்ட பொயிலர்கூட ஓடத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், 2011இல், திருத்தத்துக்காக மைனிங்கனுக்குத் திரும்பப் போய்வந்தது. முதல் நாள் மாலையே சிறு நெருப்பு வைத்து இரவிரவாகச் சூடேற்றும் ஒழுங்கை ஏற்கத் தயாரென்றால் உருக்கே சரி. யாழ்ப்பாணத் திட்டத்துக்கு வேறு வழியும் தெரியவில்லை.

தகடுகளைப் பொருத்துவதில் றிவெற் அடிப்பதா வெல்டிங்கா என்ற விவாதத்தில் நேரம் செலவிட வேண்டாம். பழைய தோற்றம் வேண்டுமென்றால் வெல்டிங் செய்து போலிக் குமிழ்களை வெளிப்போர்வையில் வையுங்கள். வெல்டிங்கை ஊடுகதிர் எடுத்துக் காட்டலாம், இன்றைய அழுத்தக்கல விதிகள் அதற்கே எழுதப்பட்டவை. பரிசோதகர் ஏற்க வேண்டியது தாள்களைத்தான்: தகட்டின் ஆலைச் சான்றிதழ், வெல்டிங் செய்தவரின் தகுதிச் சான்று, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு நீரழுத்தச் சோதனை. இலங்கையில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலனுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது, பாதையின் உரிமையாளரான புகையிரதத் திணைக்களத்தின் ஒப்புதல் அதற்கு மேலே. ஒரு சிறு வேலை நினைவில் இருக்கட்டும். எந்த உருக்கலில் வந்தது என்று காட்டத் தகட்டில் குத்தியிருக்கும் உருக்கல் எண்ணை, வெட்டுமுன் ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றிக் குத்துங்கள். எண் இல்லாத துண்டு எவ்வளவு நல்ல உருக்கானாலும் குப்பைதான்.

பொயிலரைச் சட்டகத்தில் வைக்கும்போது முன்புறம், புகைப்பெட்டியில் மட்டும் இறுக்கிப் பூட்ட வேண்டும். 5 மீற்றர் நீளப் பொயிலர் 25 பாகையிலிருந்து 190 பாகைக்குப் போகும்போது ஏறத்தாழ 10 மி.மீ. நீளும். பின்முனை வழுக்குத் தகட்டில் சறுக்க வேண்டும். அந்தத் தகட்டுக்கு எண்ணெய் போகும் துளை பல வரைபடங்களில் ஒரு புள்ளியாக மட்டும் இருக்கும். அதை விட்டுவிட்டால் தகடு பிடித்துக்கொள்ளும், சட்டகம் வளையும் அல்லது பொயிலரைத் தாங்கும் கைகள் வெடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் என்ன செய்யலாம் என்றால், பட்டியல் சிறியதல்ல. ஓட்டுநர் கூடு, பக்கத் தாங்கிகள், சாம்பல் தட்டு, புகைப்பெட்டி, பிறேக் தடிகள், கைப்பிடிகள், மணற்பெட்டிகள், செம்புக் குழாய் வேலை, அச்சுமரங்கள், சிறிய வெண்கல வார்ப்புகள், ஊசிகள், புஷ்கள், நூற்றுக்கணக்கான பொருத்து போல்டுகள். சராசரி லேத்தில் 400, 500 மி.மீ. விட்டம் வரை சுழற்றலாம், இவற்றில் கடைய வேண்டியவை அதற்குள் அடங்கும். வெளியே போக வேண்டியவை பொயிலர், சிலிண்டர், சக்கர வார்ப்பு, ரயர், அச்சு ஆகிய ஐந்தும். பணத்தில் இந்த ஐந்தே பெரும்பங்கு. மனித மணி நேரத்தில் இங்கே செய்வதுதான் பெரும்பங்கு.

எரிபொருளுக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரியைக் கேட்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது அரைத்துத் தூளாக்கி எரிக்க வருவது. எஞ்சின் தட்டில் போட்டால் பாதி கீழே கொட்டும், மீதி எரியாமலே புகைபோக்கியால் பறக்கும். கைமுட்டி அளவுக் கட்டி, சாம்பல் குறைந்தது வேண்டும். நீலகிரிக்குப் பொன்மலையில் கட்டிய எஞ்சின்களில் செய்ததுபோல எண்ணெய் எரிப்பது இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் எண்ணெய்ச் சுவாலை ஒரே இடத்தில் குத்தும், அந்த இடத்தில் நெருப்புச்செங்கல் சுவர் கட்டாவிட்டால் தகடு வெந்துபோகும்.

கடைசியாகத் தண்ணீர். லீட்ஸிலும் மன்செஸ்டரிலும் இருந்து வரைந்தவர்களுக்கு நம்முடைய கிணறுகளைத் தெரியாது. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டிலும் தெரிந்த விசயம். காங்கேசன்துறைக்குப் போய்வரும் ஒரு ஓட்டத்துக்கு 4,000 முதல் 5,000 லீற்றர் என்று திட்டமிட வேண்டும். அவ்வளவும் ஆவியாகிப் போகும், கரைந்திருந்த சுண்ணாம்பு முழுவதும் உள்ளே தங்கும். நெருப்புப் பெட்டியின் தகட்டில் 2 மி.மீ. படிந்தாலே அந்தத் தகடு தண்ணீருக்கு எட்டாததுபோலச் சூடேறத் தொடங்கும். கரையோரக் கிணறானால் உப்பும் சேரும். உப்புக் கூடினால் தண்ணீர் நுரைத்து நீராவியோடு சிலிண்டருக்குள் போகும், போன தண்ணீர் நசுங்காது, சிலிண்டர் மூடியை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

மழைநீரைச் சேமித்துப் பாவிப்பதுதான் முதல் தேர்வு. வடகீழ்ப் பருவத்தில் 500 சதுர மீற்றர்க் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 50,000 லீற்றர், பத்து ஓட்டத்துக்குக் காணும். மிச்சத்துக்கு வடிகட்டி இயந்திரத் தண்ணீர். ஆனால் அதை அப்படியே ஊற்றக் கூடாது. சுத்தமான தண்ணீர் பசியுள்ள தண்ணீர், கரைந்த ஒட்சிசனோடு சேர்ந்து குழாய்களில் குழி தோண்டும். காரச்சேர்ப்பு, தனின், நுரையடக்கி மூன்றும் சேர்த்து, காரத்தன்மை எண் (pH) 11க்குக் கிட்ட நிற்கும்படி வைத்து, கரைந்த உப்பு மில்லியனுக்கு 3,000 பங்கைத் தாண்டுமுன் அடித்தண்ணீரை வெளியே ஊத வேண்டும். ஒவ்வொரு ஓட்ட நாளிலும் ஒரு போத்தல் எடுத்துப் பரிசோதித்துக் கொப்பியில் எழுதுவது நெருப்புக்காரரின் வேலை.

இதற்காக வடிவமைப்பிலும் ஒரு மாற்றம் வேண்டும். பழைய தாளில் நெருப்புப் பெட்டியின் நான்கு கீழ் மூலைகளில் மட்டும் கழுவு செருகிகள், அதாவது உள்ளே கழுவுவதற்காகக் கழற்றும் அடைப்புகள் இருக்கும். சேறு அங்கே மட்டும் தங்குவதில்லை. பக்கச் சுவர்களின் நடுவிலும், கூரையின் இரு பக்கத் தோள்களிலும், குழாய்த் தகட்டின் கீழும் கூடுதலாகச் செருகிகள் வைத்து, ஒவ்வொன்றாலும் கம்பி நுழைத்துச் சுரண்டவும் விளக்கடித்துப் பார்க்கவும் வழி செய்யுங்கள். வெளிப்போர்வையில் அவற்றுக்கு நேரே சிறு மூடிகள் வரும், பழைய படத்தோடு ஒப்பிடுபவருக்கு அது உறுத்தும். உறுத்தட்டும். செருகி இருக்கைகளைத் தகட்டில் நேரே மரை வெட்டாமல் தடித்த திண்டு வெல்டிங் செய்து அதில் வெட்டுங்கள். மாதம் இரண்டு தடவை கழற்றிப் பூட்டினால் மெல்லிய தகட்டின் மரை சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், திண்டென்றால் அடுத்த பெரிய அளவுக்குத் திரும்ப வெட்ட இடம் இருக்கும்.